துபாய் தண்ணியும் சுருட்டை முடியும்

அல் கூஸில் யாருக்கு முடி கொட்டினாலும் குற்றவாளி தயாராக இருக்கிறார்: துபாய் தண்ணி. ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் ஆன பையன் சீப்பில் சிக்கிய முடியை எடுத்து ரூமில் காட்டினால், "இந்தத் தண்ணி அப்படித்தான் தம்பி, எனக்கும் இப்படித்தான் போச்சு" என்று சீனியர் ஒருவர் வழுக்கையைத் தடவிக்கொண்டே ஆறுதல் சொல்வார். சுருட்டை முடிக்காரர்களின் புகார் இன்னும் ஒரு படி மேலே போகும். கொட்டுவது ஒருபுறம் இருக்கட்டும், இருக்கிற முடியிலும் உயிர் இல்லை என்பார்கள். சுருள் தொங்கிப்போகிறது. சீவினால் பாதியில் அறுகிறது. முன்பெல்லாம் இழுத்துவிட்டால் துள்ளிச் சுருண்டுகொண்ட முடி, இப்போது இழுத்த இடத்திலேயே நிற்கிறது.

இந்தக் கடைசிப் புகார்தான் விஷயமுள்ளது. முடி இழுத்தால் நீள்கிறதா, விட்டால் பழைய நீளத்துக்கே திரும்புகிறதா என்பதை வைத்துத்தான் அதன் உடல்நிலையைச் சொல்ல முடியும். இந்த நெகிழ்ச்சியை ஆய்வுக்கூடத்தில் அளப்பதற்கு எந்திரமே இருக்கிறது.

அல் கூஸ் என்பது துபாயின் ஷேக் சயீத் சாலைக்கும் அல் கைல் சாலைக்கும் இடையே விரிந்து கிடக்கும் பகுதி. கிடங்குகள், கார் பட்டறைகள், அச்சகங்கள், ஆயிரக்கணக்கானோர் தங்கும் லேபர் கேம்ப்புகள் ஒரு பக்கம். 2008-இல் தொடங்கிய அல்செர்கல் அவென்யூவின் கலைக்கூடங்கள், விளம்பரப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்கள், காபிக் கடைகள் இன்னொரு பக்கம். சுருட்டை முடிக்கும் இங்கே இருவேறு தலைவிதி. கேம்ப் பக்கத்துச் சலூனில் லீவு நாளில் வரிசை நீளும்போது சுருட்டைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்ததும், "ஒட்ட வெட்டிரலாமாண்ணே?" என்ற கேள்வியோடு மெஷின் ஓட ஆரம்பித்துவிடும். ஸ்டூடியோ பக்கம் மேக்கப் அறையில் அதே முடிக்கு இஸ்திரிப் பலகை இல்லாத இஸ்திரிப் பெட்டி ஒன்று சூடாகிக் காத்திருக்கும்.

முதலில் தண்ணீர் வழக்கை விசாரித்துவிடலாம்.

துபாய்க் குழாய்களில் வருவது ஏறக்குறைய முழுவதும் கடல்நீர்தான். ஜெபல் அலி ஆலைகளில் உப்பை நீக்கி, நகரின் மின்சார, குடிநீர் வாரியமான தேவா அதை அனுப்புகிறது. காய்ச்சி வடித்த நீரில் தாதுக்கள் அநேகமாக இருக்காது. அப்படியே விட்டால் குழாயை அரிக்கும், குடிக்கவும் ருசிக்காது. அதனால் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்துத்தான் விடுகிறார்கள். கடின நீர் என்று பழிபோட இது தோதான தண்ணீரே இல்லை. வாளியின் உட்புறம் வெள்ளையாகப் படியும் போர் தண்ணீரில் குளித்து வளர்ந்த திருப்பூர்க்காரரும் ராமநாதபுரத்துக்காரரும் துபாய்த் தண்ணீரைக் குறை சொல்வது ஒரு வேடிக்கை.

குறை இருப்பது மொட்டைமாடித் தொட்டியில். ஜூலை, ஆகஸ்டில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கை பொறுக்காத சூட்டில் கொட்டும். விவரம் தெரிந்தவர்கள் குளியலறை ஹீட்டரை அணைத்துவிட்டு, அதன் தொட்டியில் ஏசி குளிரில் ஆறிக் கிடக்கும் தண்ணீரைத்தான் குளிர்ந்த நீராகத் திறந்துகொள்வார்கள். தெரியாதவர்கள் அந்தச் சுடுநீரிலேயே தினம் ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளிப்பார்கள். வேலை முடிந்து வியர்வையும் தூசியுமாக வருகிறவருக்கு வேறு வழியும் கிடையாது. சுடுநீரும் ஷாம்பும் சேர்ந்தால் முடியின் மேல் இருக்கும் எண்ணெய்ப் பூச்சு முழுக்கக் கழன்றுவிடும்.

தண்ணீரின் கடினத்தன்மை முடியை என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கௌதம் ஸ்ரீனிவாசன், சி.ஆர். ஸ்ரீனிவாஸ் உள்ளிட்ட குழுவினர் அதன் முடிவை 2013-இல் முடி ஆய்வுக்கான சர்வதேச இதழொன்றில் வெளியிட்டார்கள். 15 பெண்களிடம் 15 முதல் 20 சென்டிமீட்டர் நீள முடியை வாங்கி, ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டினார்கள். ஒரு பாதி கடின நீருக்கு, மறுபாதி காய்ச்சி வடித்த நீருக்கு. கடின நீரில் கால்சியம் கார்பனேட் அளவு 212.5 பிபிஎம், வடித்த நீரில் 10. ஒருநாள் விட்டு ஒருநாள், பத்து நிமிடம் ஊறவைத்தல், இப்படி 30 நாள். பிறகு இழுவிசையை அளக்கும் எந்திரத்தில் மாட்டி இழுத்தார்கள். நெகிழ்ச்சியின் சராசரி, கடின நீரில் ஊறியதற்கு 37.06. வடித்த நீரில் ஊறியதற்கு 36.84. வலிமையிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

ஒரே பெண்ணின் ஒரே முடியை இரண்டாக்கி ஒப்பிட்டது இந்தச் சோதனையின் அழகு. வயது, சாப்பாடு, பரம்பரை என்று எந்தச் சாக்கும் குறுக்கே வராது. ஆனால் அந்த முடி வெயிலில் அலையவில்லை, ஷாம்பு படவில்லை, யாரும் அதைச் சீவவும் இல்லை. அதே குழு பின்னர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, கடின நீரில் ஊறிய முடியின் மேல்பரப்பு கலைந்து, தாது படிந்து, தடிமனும் குறைந்திருந்தது. பாகிஸ்தானின் பன்னூ மாவட்டத்தில் 70 ஆண்களின் முடியை வைத்துச் செய்து 2018-இல் வெளிவந்த ஆய்வோ, கடின நீர் முடியின் வலிமையைக் குறைக்கிறது என்றே சொன்னது. ஆக, கடின நீருக்கு முழு விடுதலை கிடையாது. ஆனால் துபாய்க் குழாயில் வருவது அந்தக் கடின நீரும் இல்லை.

அப்படியானால் மூன்று மாதத்தில் கொட்டிய முடி? தரையில் கிடக்கும் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் பாதி பதில் கிடைக்கும். ஒரு நுனியில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. கடுமையான காய்ச்சல், திடீர் மெலிவு, மனக்கலக்கம் போன்ற ஏதாவது ஒன்று உடலை உலுக்கினால், அதற்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாக உதிர்வது மருத்துவர்களுக்குப் பழக்கமான கணக்கு. ஏஜென்ட்டுக்குக் கட்டிய பணத்தின் கவலையும், தூக்கம் கெட்ட ஷிஃப்டும், மாறிப்போன சாப்பாடும் சேர்ந்து எப்போது முடியில் காட்டுமோ, சரியாக அப்போதுதான் புதியவர்கள் தண்ணீரைத் திட்ட ஆரம்பிக்கிறார்கள். இரும்புச் சத்துக் குறைவும், வெயில் காயும் வளைகுடாவிலேயே பரவலாக இருக்கும் வைட்டமின் டி குறைவும் பரிசோதித்துப் பார்க்க வேண்டியவை. குமிழ் இல்லாமல், நீளமும் குட்டையாக, இரு நுனியும் சிதைந்து கிடந்தால் அது நடுவில் அறுந்த முடி. சுருட்டைக்காரர்களின் தரையில் இந்த இரண்டாம் வகை கூடுதலாகவே கிடக்கும்.

அறுவதற்கும் நெகிழ்ச்சிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஒரு சங்கதி இருக்கிறது. சுருட்டை முடிக்குள் இரண்டு ஸ்பிரிங் உண்டு. பழைய டெலிபோனின் சுருள் கயிற்றை நினைத்துக்கொள்ளலாம். ரிசீவரை இழுத்தால் கயிறு நீள்கிறது. சுருள்தான் விரிகிறதே தவிர உள்ளே இருக்கும் கம்பி ஒரு நூலளவும் நீள்வதில்லை. சுருட்டை முடியிலும் முதலில் நடப்பது இதுவே. சுருள் முழுதாக விரிந்து முடி நேராகிய பிறகும் இழுத்தால்தான் முடியின் சொந்தச் சதை நீள ஆரம்பிக்கும். நெகிழ்ச்சி என்று ஆய்வுக்கூடத்தில் அளப்பது அந்த இரண்டாவது நீட்சியை. "என் முடி இவ்வளவு நீளுது பாருங்க" என்று சுருளை இழுத்துக் காட்டுபவர்கள் முதல் ஸ்பிரிங்கைக் காட்டிவிட்டு இரண்டாவதற்குச் சான்றிதழ் எழுதிவிடுகிறார்கள்.

முதல் ஸ்பிரிங்கும் லேசுப்பட்டதில்லை. அமெரிக்காவின் எம்ஐடியும் பாரிஸ் ஆய்வாளர்களும் சேர்ந்து, தொங்கும் ஒற்றைச் சுருட்டை முடி என்ன வடிவம் எடுக்கும் என்பதை வளைவான ரப்பர் கம்பிகளைத் தொங்கவிட்டுக் கணக்கிட்டு 2014-இல் வெளியிட்டார்கள். அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் மிஷெல் கெயின்ஸ் குழு, சுருளை விரிக்க எவ்வளவு தூரம் இழுக்க வேண்டும் என்பதையே அளவுகோலாக்கி 2023-இல் புதிய வகைப்பாடு ஒன்றை முன்வைத்தது. யூடியூபில் ஆளாளுக்குச் சொல்லும் 3ஏ, 3பி, 4ஏ கணக்கு, ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகையலங்காரர் ஆண்ட்ரே வாக்கர் தொண்ணூறுகளில் கண்ணால் பார்த்துப் பிரித்தது.

இரண்டாவது ஸ்பிரிங்கின் ரகசியம் வெளிப்பட்டது கம்பளி ஆலைகள் நிறைந்த இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில். முடியும் ஆட்டு ரோமமும் ஒரே கெரட்டின் புரதம். 1930-களில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்ட்பரி, ரோமத்தைச் சும்மாவும் இழுத்துப் பிடித்தும் எக்ஸ்ரே எடுத்தார். படங்கள் வேறு வேறாக வந்தன. சும்மா இருக்கும்போது புரதச் சங்கிலி மடங்கிக் கிடக்கிறது, இழுத்தால் விரிகிறது, விட்டால் திரும்ப மடங்குகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். அந்த மடிப்பின் சரியான வடிவம் ஒரு சுருள்தான் என்பதை 1951-இல் லைனஸ் பாலிங் குழு கண்டுபிடித்தது. ஆஸ்ட்பரி சுவாரசியமான ஆள். நிலக்கடலைப் புரதத்தில் நூல் எடுத்து நெய்த ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு ஊருக்குள் நடந்தவர்.

அந்தச் சுருளை மடங்கிய நிலையில் பிடித்துவைத்திருப்பவை இரண்டு வகைப் பிணைப்புகள். ஹைட்ரஜன் பிணைப்பு பலவீனமானது. தண்ணீர் பட்டால் அவிழும், காய்ந்தால் திரும்பப் பிடித்துக்கொள்ளும். கந்தகப் பிணைப்பு பலமானது. தண்ணீருக்கு மசியாது, ரசாயனத்துக்கு மசியும். உலர்ந்த முடி தன் நீளத்தில் 2 சதவீதம் வரை கெட்டியாக எதிர்த்து நிற்கும். அதைத் தாண்டினால் சுமார் 30 சதவீதம் வரை சுலபமாக நீண்டுகொடுக்கும். பிறகு மறுபடி இறுகி, 40, 50 சதவீதத்தில் அறும். ஈர முடி இன்னும் இளகி நீளும். தன் எடையில் 30 சதவீதம் வரை தண்ணீரை உறிஞ்சக்கூடிய பொருள் அது. ஈரத்தில் 30 சதவீதம் வரை இழுபட்ட நல்ல முடி, விட்டுவிட்டால் தண்ணீருக்குள்ளேயே பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். தலைக்குக் குளித்த பிறகு, உதிர்ந்த நீள முடி ஒன்றை ஈரத்தோடு எடுத்து, ஸ்கேலின் மேல் இரு விரல்களால் பிடித்து, சுருள் நேராகும்வரை விரித்து 10 சென்டிமீட்டர் குறித்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து மெதுவாக இழுத்தால் 12, 13 வரை வந்து, விட்டதும் உள்வாங்கினால் முடி நன்றாக இருக்கிறது. நீளவே நீளாமல் பட்டென்று அறுந்தால் மேல்தோல் கெட்டு வறண்டிருக்கிறது. நீண்டுகொண்டே போய், பிசுபிசுத்து, விட்டாலும் திரும்பாவிட்டால் உள்ளிருக்கும் பலமான பிணைப்புகள் கழன்றிருக்கின்றன. ப்ளீச் செய்த முடியில் அடிக்கடி காண்பது இதைத்தான். ஒரு முடியை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பிடரியில் ஒன்று, உச்சியில் ஒன்று, காதோரம் ஒன்று என்று பார்க்க வேண்டும். உச்சி முடி வெயில் வாங்குவதால் அங்கேதான் முதலில் கெடும்.

சுருட்டை ஏன் சீக்கிரம் அறுகிறது? நேர்முடியின் குறுக்குவெட்டு வட்டத்துக்குக் கிட்டத்தட்ட இருக்கும். சுருட்டையினது நசுங்கிய முட்டை வடிவம். வேரறையே வளைந்து இருப்பதால் முடி வளைந்தே முளைக்கிறது. முறுக்கித் திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் இழுவிசை குவியும், சீப்பு சிக்குவதும் அங்கேதான். தலைத்தோலில் ஊறும் எண்ணெய் நேர்முடியில் தடையின்றி இறங்கிவிடும். சுருட்டையில் முதல் வளைவைத் தாண்டுவதற்குள் தீர்ந்துபோகும். நெருக்கச் சுருளுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. நேர்முடியை ஈரத்தில் சீவுவது கஷ்டம், உலர்ந்த பின் சுலபம். நெருக்கச் சுருட்டைக்கு இது தலைகீழ்: உலர்ந்த பின் சீவினால்தான் சீப்புக்கு அதிக பலம் தேவைப்பட்டு முடி அறும். "தலை காயட்டும், அப்புறம் சீவு" என்ற அம்மாவின் விதி பாதிப் பிள்ளைகளுக்குத்தான் பொருந்துகிறது.

அல் கூஸின் கோடை இந்த முடியை என்ன பாடுபடுத்தும் என்று யோசித்தால் தண்ணீர்க் குழாயைவிட காற்றுதான் சந்தேகத்துக்குரியது. அதிகாலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது கடல் காற்றின் ஈரப்பதம் எண்பது, தொண்ணூறு சதவீதத்தைத் தொடும். ஏறி உட்கார்ந்தால் வறண்ட ஏசி. இறங்கினால் மறுபடி புழுக்கம். வேலையிடத்தில் வெயில், ரூமில் இரவு முழுக்க ஏசி. ஹைட்ரஜன் பிணைப்புகள் அவிழ்வதும் கட்டுவதுமாக ஒருநாளில் பல தடவை இடம் மாறும். ஒவ்வொரு தடவையும் முடி ஊதிச் சுருங்கும். காலையில் அடங்கியிருந்த சுருள் பத்து மணிக்குள் பறக்க ஆரம்பிப்பதற்குக் காரணம் இது. இதில் முடி உருக்குலைந்து போவதில்லை, கலைகிறது, அவ்வளவே. ஊதிச் சுருங்குவது ஏற்கெனவே மேல்தோல் கெட்ட முடியைத்தான் அதிகம் வருத்தும்.

வெயிலைப் பொறுத்தவரை சுருட்டைக்காரர்கள் பெருமைப்படவும் ஒன்று உண்டு. டீனா லசீசி என்ற மானுடவியலாளர், இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, உடல் சூட்டை அளக்கும் பொம்மைக்கு நேர்முடி, சுருள்முடி, நெருக்கச் சுருள்முடி என்று மனித முடி விக்குகளை மாட்டி விளக்குகளின் சூட்டில் வைத்தார். 2023-இல் வெளியான முடிவு: வெயிலிலிருந்து தலைத்தோலை நன்றாகக் காப்பது நெருக்கச் சுருள்தான். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30-க்கும் 3 மணிக்கும் இடையே திறந்தவெளி வேலைக்குத் தடை போட்டிருக்கும் நாட்டில், அதே முடியை முதல் வேலையாக மழித்துவிடுவதில் ஒரு முரண் இருக்கத்தான் செய்கிறது. ஹெல்மெட் போடுகிறவருக்குக் குட்டை முடி வசதி, அதை மறுக்க முடியாது. வளர்க்க விரும்புகிறவர் ஹெல்மெட்டுக்கு அடியில் மெல்லிய துணியொன்றைக் கட்டிக்கொண்டால், பட்டை உரசி நெற்றியோர முடி அறுவது குறையும்.

உண்மையான சேதம் நடப்பது காசு கொடுத்துச் செய்துகொள்ளும் இடத்தில். சுருட்டையைக் கேலி செய்தே வளர்த்த சமூகம் நம்முடையது. ஸ்பிரிங் மண்டை, நூடுல்ஸ் மண்டை, சாயிபாபா என்று பள்ளிக்கூடத்தில் பட்டம் வாங்காத சுருட்டைக்காரர் குறைவு. 2015-இல் வந்த மலையாளப் படம் 'பிரேமம்', அனுபமா பரமேஸ்வரனின் சுருள்முடியால் ஒரு சீசன் முழுக்கப் பேசவைத்தது. ஆனால் கல்யாணம் என்றால் இன்றைக்கும் பல வீடுகளில் முதல் அப்பாயின்ட்மென்ட் ஸ்ட்ரெய்ட்னிங்குக்குத்தான்.

ரீபாண்டிங்கில் நடப்பது வெளிப்படையானது: தயோகிளைகோலேட் வகை மருந்து கந்தகப் பிணைப்புகளை உடைக்கிறது, சூடான இரும்பு முடியை நேராக்குகிறது, பெராக்சைடு புதிய இடத்தில் பிணைப்பைப் பூட்டுகிறது. உடைந்ததெல்லாம் திரும்பப் பூட்டிக்கொள்வதில்லை. கெரட்டின் ட்ரீட்மென்ட் என்ற பெயரோ ஏதோ சத்து ஏற்றுகிறார்கள் என்று நினைக்கவைக்கும். முடியை நேராக நிறுத்துவது பல தயாரிப்புகளில் கெரட்டின் இல்லை, சூட்டில் வெளிவரும் ஃபார்மால்டிஹைடு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் வைத்துவிட்டது. 'ஃபார்மால்டிஹைடு இல்லாதது' என்று அடுத்து வந்தவற்றில் பல கிளையாக்ஸிலிக் அமிலத்தை நம்பியவை. துனிசியாவில் ஒரே சலூனில் மூன்று தடவை முடியை நேராக்கிக்கொண்டு, மூன்று தடவையும் சிறுநீரகம் பாதித்த 26 வயதுப் பெண்ணைப் பற்றி பிரெஞ்சு மருத்துவர்கள் 2024-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் எழுதினார்கள். அவர் தலையில் தடவியது இந்த அமிலம் கலந்த கிரீம். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பார்க்கும் உரிமை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு உண்டு. காட்டத் தயங்கும் கடையில் எழுந்துவிடுவது உத்தமம்.

வீட்டு ஸ்ட்ரெய்ட்னரும் சாதுவில்லை. முடியில் ஈரம் இருக்கும்போது சூடான இரும்பு பட்டால் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகிக் குமிழ்விட்டு முடியைப் பொத்தலாக்கிவிடும். அந்த இடத்தில் அது பிறகு அறுந்தே தீரும்.

கெட்ட நெகிழ்ச்சியைத் திரும்பப் பெற முடியுமா? வெளியே வந்துவிட்ட முடி உயிரற்றது, தானாக ஆறாது. செய்ய முடிந்தது, இருப்பதைக் காப்பதும், கெட்டதைத் தற்காலிகமாக வழுக்கிவிடுவதும். இதை ஒப்புக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம். கண்டிஷனரின் வேலை அதுதான்: நேர் மின்னேற்றம் கொண்ட அதன் மூலக்கூறுகள் கெட்ட இடங்களில் போய் ஒட்டி உராய்வைக் குறைக்கும், சீப்பு வழுக்கும், அறுவது குறையும். சுருட்டைக்காரர் ஷாம்பில் மிச்சம்பிடித்துக் கண்டிஷனரில் தாராளம் காட்டலாம். கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்துவிட வேண்டும். புரதம் கலந்த மாஸ்க் ப்ளீச் செய்த முடிக்குக் கொஞ்சம் விறைப்புக் கொடுக்கும். ஏற்கெனவே நீளாமல் அறுகிற முடிக்கு அதையே வாராவாரம் போட்டால் இன்னும் விறைத்துப்போகும். 2014-இல் சந்தைக்கு வந்த ஓலாப்ளெக்ஸ், கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவைச் சேர்ந்த எரிக் பிரெஸ்லி, கிரெய்க் ஹாக்கர் என்ற இரு வேதியியலாளர்களின் கண்டுபிடிப்பு. உடைந்த கந்தக முனைகளை இணைக்கும் என்பது அதன் வாக்குறுதி. ப்ளீச் செய்கிறவர்கள் யோசிக்கலாம். ரசாயனமே படாத சுருட்டைக்கு அந்த விலை கொடுப்பது வீண்.

எண்ணெய் விஷயத்தில் பாட்டிகள் பக்கம் சான்று இருக்கிறது. ரேலே, மோஹிலே என்ற இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கழுவிப்போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதன் லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் முடிக்குள்ளே நுழைகிறது. ஆய்வு செய்தவர்கள் பாரசூட் எண்ணெய் தயாரிக்கும் மாரிக்கோ நிறுவனத்துக்காரர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும் காரணம் ஏற்கும்படி இருக்கிறது. அல் கூஸ் குரோசரி ஒவ்வொன்றிலும் அந்த நீல பாட்டில் நிற்கிறது. குளித்த பின் மினுமினுப்புக்குத் தடவுவதைவிட, குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது முந்தைய இரவே தடவினால்தான் தண்ணீர் உள்ளே புகுந்து முடி ஊதுவதை அது தடுக்கும்.

இன்னொன்று, நம்மவர்கள் கவனிக்காமல் கடந்துபோவது. அரபுப் பெண்கள் தலைமுறைகளாகத் தலைக்குத் தேய்த்துவந்தது சித்ர் இலைப்பொடி. நம் இலந்தையின் நெருங்கிய உறவு அந்த மரம். சிகைக்காய், அரப்பு போலவே இயற்கையாக நுரைக்கும் பொருள் அதிலும் உண்டு. பெண்கள் நீள முடியை வீசி ஆடும் அல் அயாலா, யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2014-இல் இடம்பெற்றது. அந்தக் கூந்தல்களைக் கழுவிய பொடி துபாயின் மூலிகைக் கடைகளில் இன்றும் கிடைக்கிறது. பொடி எதுவானாலும் சுருட்டையில் துகள் சிக்கும். தண்ணீரில் குழைத்து வடிகட்டிய சாற்றைப் பயன்படுத்துவது நல்லது. துவட்டும்போது பூத்துண்டால் பரபரவென்று தேய்க்காமல், பழைய பனியன் துணியால் ஒற்றி எடுக்கலாம். ஈரத்தில் முடி இளகியிருக்கும்; அந்த நேரத்தில் முறுக்கிப் பிழிவதும் இறுக்கிக் குதிரைவால் போடுவதும் தன் கையால் செய்துகொள்ளும் இழுவைச் சோதனைகள்.

ஸ்ட்ரெய்ட்னிங்கை நிறுத்திவிட்டு இயற்கைச் சுருளுக்குத் திரும்புகிறவர்களுக்குக் கணக்கு எளிது, பொறுமைதான் கடினம். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே வளரும். இரண்டு வருட விசா ஒன்று முடிவதற்குள் ஓர் அடிக்குச் சற்றுக் குறைவான புது முடி வந்திருக்கும். அதற்கிடையே தலையில் இரண்டு முடி இருக்கும்: வேரருகே சுருண்டது, கீழே நேரானது. இரண்டும் சந்திக்கும் இடம்தான் மிகவும் பலவீனமானது; இரு பக்கமும் வெவ்வேறு அளவில் நீள்வதால் இழுவை முழுக்க அங்கேயே விழும். நேரான பகுதியை ஒரேயடியாக வெட்ட மனம் வராதவர்கள் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓரிரு அங்குலம் குறைத்துக்கொண்டே வரலாம். அதுவரை ரப்பர் பேண்டை அந்தச் சந்திப்பின் மேல் போடாமல், அதற்குக் கீழே, நேரான பகுதியில் தளர்வாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.